சாய்ந்து நடக்கும் எழுத்துகள்

கணினியில் ஒரு சொல்லைத் தெரிவுசெய்து, மேலே சாய்ந்து நிற்கும் 'ஐ' என்ற பொத்தானை அழுத்தினால் அச்சொல் வலப்பக்கமாகச் சாய்ந்துவிடும். ஒப்படையின் முகப்பு, வாழ்த்து மடல், நிக்காஹ் அழைப்பிதழ் என எங்கும் இந்தச் சாய்வைக் காண்கிறோம். "அழகாக இருக்கட்டும்" என்பதே பெரும்பாலும் அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் இட்டாலிக் எனப்படும் அந்தச் சாய்வெழுத்து வெறும் அலங்காரம் அல்ல. அதற்கு ஐந்நூறு ஆண்டு கால வரலாறு உண்டு. தனக்கென்று ஒரு குணமும் ஒரு தொழிலும் உண்டு.

எமது சஞ்சிகையின் பக்க அமைப்புக் குழுவில் நானும் ஒருத்தி. எந்தச் சொல்லைச் சாய்ப்பது, எதை நேராக விடுவது என்ற கேள்வி ஒவ்வொரு பக்கத்திலும் எழுகிறது. தமிழ்ச் சொல்லைச் சாய்க்கலாமா, அரபுச் சொல்லைச் சாய்க்கலாமா என்று எமக்குள்ளேயே பல கருத்துகள். விடை தேடி வாசித்ததில் கிடைத்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

சாய்ப்பது வேறு, இட்டாலிக் வேறு

ஆங்கில அச்செழுத்துகளில் ஒரு வகைக்கு, கோடுகள் முடியும் இடங்களில் சிறு பாதங்கள் இருக்கும். இவற்றைச் செரிஃப் என்பர். பாடநூல்களிலும் நாவல்களிலும் நாம் அதிகம் காண்பது பாதமுள்ள இந்த எழுத்தையே. இதன் நேரான வடிவத்துக்கு ரோமன் என்று பெயர். சாய்ந்த வடிவம் இட்டாலிக்.

இங்கே முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம் ஒன்று உண்டு. நல்ல இட்டாலிக் என்பது ரோமன் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிட்ட ஒன்றல்ல. அது தனியாக வரையப்பட்ட வேறோர் எழுத்து. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஈ.பி. கரமொண்ட் என்ற எழுத்துருவை எடுத்து நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ரோமனில் சிறிய 'ஏ' இரண்டு மாடி வீடு போன்றது: மேலே கூரை போல ஒரு வளைவு, கீழே ஒரு வயிறு. இட்டாலிக்கில் கூரை மறைந்து, நாம் கையால் எழுதும் ஒற்றை மாடி 'ஏ' ஆகிவிடுகிறது. ரோமனில் கோட்டின்மேல் நின்ற 'எஃப்', இட்டாலிக்கில் கோட்டுக்குக் கீழே வால் நீட்டுகிறது. 'என்', 'எம்' ஆகியவற்றின் தட்டையான பாதங்கள் போய், பேனை தாளில் இறங்கும்போதும் விலகும்போதும் விடும் மெல்லிய சுழிப்புகள் வருகின்றன. எழுத்துகள் ஒடுங்கி நெருங்குகின்றன.

இதற்கு மாறாக ஏரியல் எழுத்துருவைச் சாய்த்துப் பாருங்கள். 'ஏ' இரண்டு மாடியாகவே இருக்கும். கட்டடம் அப்படியே சரிந்தது போலத் தோன்றும். ஆக, இட்டாலிக்கின் உயிர் சாய்வில் இல்லை. வேகமாக எழுதும் கையின் ஓட்டத்தில்தான் இருக்கிறது.

கையெழுத்தில் இருந்து அச்சுக்கு

அந்தக் கை யாருடையது? 1420களில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் நிக்கோலோ நிக்கோலி என்ற அறிஞர் வாழ்ந்தார். பழைய நூல்களைத் தேடிப் படியெடுப்பதே அவருக்கு வாழ்க்கை. நிறுத்தி நிறுத்தி எழுதும் முறை அவரது வேகத்துக்குப் போதவில்லை. ஆகவே பேனையை அதிகம் தூக்காமல், சற்றே சாய்த்து, ஒடுக்கி எழுதும் ஒரு முறையை அவர் கையாண்டார். படித்தவர்களிடையே அது பரவியது. பின்னர் ரோமில் போப்பாண்டவரின் அலுவலக எழுத்தர்களும் அதன் வழிவந்த எழுத்தையே பயன்படுத்தினர்.

அதே நூற்றாண்டின் இறுதியில் வெனிஸ் நகரில் அல்டஸ் மனூட்டியஸ் என்பவர் அச்சகம் நடத்தினார். அவருக்கு எழுத்து வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. எழுத்து வெட்டுவது என்றால், உருக்குக் கம்பியின் நுனியில் எழுத்தைத் தலைகீழ் பிம்பமாகச் செதுக்குவது. அதைச் செம்பில் அறைந்து பள்ளம் செய்து, அந்தப் பள்ளத்தில் ஈயக் கலவையை வார்த்தால் அச்செழுத்துக் கிடைக்கும். கிரிஃபோ அந்த வேகக் கையெழுத்தை உருக்கில் செதுக்கினார். 1500ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு நூலின் படத்தில் சில சொற்களாக அது முதலில் தலைகாட்டியது. 1501இல் பழைய ரோமக் கவிஞர் வேர்ஜிலின் கவிதைகள் முழுவதும் அந்த எழுத்தில் வெளியாயின.

அந்த நூல் சிறியது. ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்தால் எட்டு இதழ்கள், பதினாறு பக்கங்கள் வரும். அந்த அளவில்தான் அல்டஸ் செவ்விலக்கியங்களை வெளியிட்டார். மேசையில் விரித்து வைத்தே படிக்கவேண்டியிருந்த கனத்த நூல்களுக்கு நடுவே, கையில் எடுத்துச் செல்லக்கூடிய நூல்கள் வந்தன. அக்கால வாசகருக்கு இட்டாலிக் அலங்காரமாகத் தெரியவில்லை. தம்மைப் போன்ற படித்த ஒருவரின் கையெழுத்தாகவே தெரிந்தது.

இன்னொரு புதினமும் உண்டு. அந்த முதல் இட்டாலிக்கில் பெரிய எழுத்துகளே சாயவில்லை. வரியின் தொடக்கத்தில் சிறிய, நேரான ரோமன் பெரிய எழுத்து நிற்கும். அதன் பின்னே மற்றவை சாய்ந்து செல்லும். பெரிய எழுத்தைச் சாய்க்கும் வழக்கம் பின்னரே வந்தது.

புதிய எழுத்துக்கு வெனிஸ் அரசிடம் அல்டஸ் தனியுரிமை பெற்றார். ஆனாலும் பிரான்ஸின் லியோன் நகர அச்சகங்கள் அவரது நூல்களை அப்படியே போலியாக அடித்தன. பொறுக்க முடியாத அல்டஸ் 1503இல் போலிகளை இனங்காண்பதற்காக அவற்றிலுள்ள பிழைகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார். லியோன் அச்சகத்தார் அந்தப் பட்டியலைப் பார்த்தே தம் பிழைகளைத் திருத்திக்கொண்டனர்! மறுபக்கம், எழுத்தை வெட்டிய கிரிஃபோவும் அல்டஸுடன் மனக்கசப்புற்றுப் பிரிந்தார். தனியுரிமை அல்டஸின் பெயரில் இருந்ததால், தாம் வெட்டிய எழுத்தின் பலன் அவருக்கு உரியதாகவில்லை. உழைத்தவரின் பெயர் பின்னே நிற்பது அச்சுலகத்திலும் புதிதல்ல.

அரபெழுத்தோடு ஓர் உறவு

இந்த வரலாற்றில் நமக்கு நெருக்கமான இரண்டு செய்திகள் உண்டு.

அதே வெனிஸ் நகரில் பகனினோ பகனினி, அவரது மகன் அலெஸாண்ட்ரோ ஆகியோர் அச்சகம் நடத்தினர். சிறிய நூல்களுக்கென்று ரோமனையும் இட்டாலிக்கையும் கலந்தது போன்ற ஓர் எழுத்தை ஆக்கியவர் அலெஸாண்ட்ரோ. அந்தத் தந்தையும் மகனுமே 1537, 1538 அளவில் திருக்குர்ஆனை முழுமையாக அரபில் அச்சிட்டனர். அசையும் அச்செழுத்தில் அச்சான முதல் முழுக் குர்ஆன் அதுவே. நெடுங்காலமாக அது அழிந்துபோனதாகவே கருதப்பட்டது. 1987இல் இத்தாலிய ஆய்வாளர் அஞ்செலா நுவோவோ, வெனிஸில் சான் மிக்கேலே தீவிலுள்ள துறவிகளின் நூலகத்தில் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார்.

அந்தப் பதிப்பு முஸ்லிம்களிடம் இடம்பெறவில்லை. எழுத்துகளில் குறைகள் இருந்தன. தாலையும் தாலின் மேல் ஒரு புள்ளி பெற்ற மற்றைய எழுத்தையும் அது வேறுபடுத்தவில்லை. குர்ஆன் மத்ரசாவில் முதல் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும், ஒரு புள்ளி மாறினால் எழுத்து மாறும், பொருளும் மாறும் என்று. இலத்தீன் எழுத்தில் தேர்ந்த அச்சகத்தார் அரபெழுத்தின் இலக்கணத்தை உள்ளிருந்து அறியவில்லை.

இரண்டாவது செய்தி இதற்கு நேர்மாறானது. பிரான்ஸைச் சேர்ந்த ரொபர்ட் கிரான்ஜோன் பதினாறாம் நூற்றாண்டின் தலைசிறந்த எழுத்து வெட்டுநர்களில் ஒருவர். இட்டாலிக் எழுத்தை அவர் அளவுக்கு நளினமாக வெட்டியவர் அரிது. நான் மேலே குறிப்பிட்ட ஈ.பி. கரமொண்ட் எழுத்துரு, 1592இல் பிராங்போர்ட் நகரில் அச்சான ஓர் எழுத்து மாதிரித் தாளைப் பின்பற்றியது. அந்தத் தாளில் உள்ள ரோமன் எழுத்துகள் குளோட் கரமொண்ட் வெட்டியவை. இட்டாலிக் எழுத்துகள் கிரான்ஜோன் வெட்டியவை. இருவேறு கைவினைஞரின் எழுத்துகள் கணவன் மனைவி போல ஒரே பெயரின் கீழ் இன்றுவரை வாழ்கின்றன.

முதுமையில் ரோமுக்குச் சென்ற கிரான்ஜோன் அங்கே அரபு எழுத்துகளை வெட்டினார். மெடிச்சி அச்சகத்துக்காக அவர் செய்த அரபு எழுத்துகள், சொல்லின் தொடக்கம், நடு, இறுதி என்று எழுத்து மாறும் விதத்தையும் அவை ஒன்றோடொன்று கைகோத்துச் செல்லும் விதத்தையும் அறிந்து செய்யப்பட்டவை. இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூலான அல் கானூனை அந்த அச்சகம் 1593இல் அரபிலேயே வெளியிட்டது. கையெழுத்தின் ஓட்டத்தை உருக்கில் பிடிக்க இட்டாலிக் வழியாகப் பழகிய கைக்கு, ஓட்டமே உயிரான அரபெழுத்து வசப்பட்டதில் வியப்பில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இட்டாலிக் செய்யும் வேலைகள்

தொடக்கத்தில் முழு நூலுக்கும் பயன்பட்ட இட்டாலிக், காலப்போக்கில் ரோமனின் துணையெழுத்தாக மாறியது. நேரெழுத்துகளின் நடுவே அது குரலை மாற்றிக் காட்டுகிறது. இன்று அதன் வேலைகள் பல.

நூல்கள், சஞ்சிகைகள், கப்பல்கள் ஆகியவற்றின் பெயர்கள் ஆங்கிலத்தில் இட்டாலிக்கில் வரும். உயிரியல் படிக்கும் தோழியர் நெல்லின் விஞ்ஞானப் பெயரான ஒரைசா சற்றைவா என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது கீழே கோடிடுவார்கள். ஏன் கோடு? கையெழுத்துப் பிரதியில் ஒரு சொல்லின் கீழ் கோடிட்டால், அச்சுக் கோப்பவர் அதை இட்டாலிக்கில் கோக்கவேண்டும் என்பதே பழைய அச்சுக்கூட மரபு. விடைத்தாளில் நாம் இடும் அந்தக் கோடு இட்டாலிக்கின் பதிலாள்.

பௌதிகவியலில் இன்னும் நுட்பம். திணிவைக் குறிக்கும் 'எம்' சாய்ந்திருக்கும். மீற்றரைக் குறிக்கும் 'எம்' நேராக இருக்கும். கணியங்கள் சாய்வெழுத்தில், அலகுகள் நேரெழுத்தில் என்பது உலகப் பொது நியமம். ஒரே எழுத்து, இரு பொருள்; சாய்வே வேறுபாடு.

பைபிளின் புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பான 1611ஆம் ஆண்டுப் பதிப்பின் வழிவந்த பதிப்புகளில், வாக்கியம் நிறைவுபெறுவதற்காக மொழிபெயர்ப்பாளர் சேர்த்த சொற்கள் இட்டாலிக்கில் இருக்கும். "இது மூலத்தில் உள்ளதல்ல, எம் சொல்" என்ற நேர்மை அது. தமிழ்த் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இதே வேலையை அடைப்புக்குறி செய்கிறது. ஆனால் சாய்வு என்றால் அழுத்தம் என்று மட்டும் பழகிய ஒருவர் அந்தப் பைபிளைப் படித்தால், பணிவாகச் சேர்த்த சொல்லையே அழுத்திப் படித்துவிடுவார். குறியீட்டின் பொருள் தெரியாமல் வாசித்தால் கருத்தே தலைகீழாகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இவ்வளவு வேலை செய்யும் இட்டாலிக்குக்கு ஒரு வரம்பும் உண்டு. ஒடுங்கி, மெலிந்து, நெருங்கிய எழுத்து என்பதால் சில சொற்களுக்கு அது அழகு. பக்கம் முழுவதும் வந்தால் கண் களைக்கும். வாசிப்பில் இடர்ப்படுவோருக்காக எழுதப்படும் வழிகாட்டிகள் சாய்வைத் தவிர்க்கவே சொல்கின்றன. நிக்காஹ் அழைப்பிதழில் மணமக்களின் பெயர் நளினமாகச் சாயட்டும். நேரமும் மண்டபத்தின் முகவரியும் நேராக நிற்கட்டும். வயதான வாப்பும்மாவுக்கும் அவை விளங்கவேண்டும் அல்லவா?

எது அந்நியச் சொல்?

இட்டாலிக்கின் இன்னொரு வேலை பிறமொழிச் சொற்களை அடையாளம் காட்டுவது. ஆங்கில நூல்களில் ஆங்கிலமல்லாத சொல் சாய்ந்து வரும். பார்வைக்குச் சிறிய விடயம்தான். ஆனால் நம் வாழ்வைச் சொல்லும் ஓர் ஆங்கிலக் கதையைப் படிக்கும்போது அது சிறிதாகத் தோன்றுவதில்லை. 'கேக்' நேராக நிற்கும்; 'வட்டிலப்பம்' சாய்ந்து நிற்கும். 'பிரேயர்' நேராக, 'துஆ' சாய்வாக. கதையில் வரும் உம்மாவுக்கு வட்டிலப்பம் அந்நியமான பண்டமா? அவள் வாயில் வரும் சொல்லை எழுத்து ஏன் விருந்தாளி போல வாசலில் நிறுத்துகிறது? ஆங்கிலத்தில் எழுதும் பல நாட்டு எழுத்தாளர்கள் தம் தாய்மொழிச் சொற்களைச் சாய்க்க மறுப்பது இதனால்தான்.

மறுபக்க நியாயமும் உண்டு. தெரியாத சொல்லை ஆங்கிலச் சொல்லின் எழுத்துப்பிழை என்று வாசகர் மயங்காதிருக்கச் சாய்வு உதவுகிறது. ஆனால் அது நிரந்தர முத்திரை அல்ல. 'அல்ஜிப்ரா' அரபின் 'அல் ஜப்ர்' என்பதிலிருந்து வந்தது. 'கட்டமரான்' நம் கட்டுமரம். இன்று ஆங்கில நூலில் அவை நேராகவே நிற்கின்றன. பழகப் பழகச் சொல் நிமிர்கிறது. ஆகவே ஒரு சொல்லைச் சாய்க்கும் ஒவ்வொரு முறையும், "இது யாருக்கு அந்நியம்?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழில் இந்தச் சிக்கல் குறைவு. தொழுகை, நோன்பு என்று தூய தமிழும், துஆ, ஹதீஸ், வக்து என்று அரபும் நம் பேச்சில் ஒன்றாகவே புழங்குகின்றன. எழுத்திலும் ஒரே வரியில் நேராகவே நிற்கின்றன. ஹ, ஜ, ஷ, ஸ போன்ற எழுத்துகளே அச்சொல் வந்த வழியை மெல்லச் சொல்லிவிடுகின்றன. அரபெழுத்தில் தமிழை எழுதிய நம் முன்னோரின் அரபுத்தமிழ் மரபும், இரு மொழிகளைப் பக்கத்துப் பக்கத்தில் இருத்திய மரபுதான்.

தமிழுக்குச் சாய்வு வேண்டுமா?

ஆங்கிலத்தில் இட்டாலிக்கின் முக்கிய வேலை அழுத்தம். அங்கே ஒரு சொல்லை அழுத்திச் சொல்வது பெரும்பாலும் குரலில் நிகழ்வது. எழுத்தில் அதைக் காட்டச் சாய்வு தேவைப்படுகிறது. தமிழோ அழுத்தத்தைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. "பாத்திமா நேற்று வந்தாள்" என்பதை எடுத்துக்கொள்வோம். வேறு யாருமல்ல என்றால் "பாத்திமாதான் நேற்று வந்தாள்." முந்தாநாள் அல்ல என்றால் "பாத்திமா நேற்றுத்தான் வந்தாள்." ஆளையே முன்னிறுத்த வேண்டுமென்றால் "நேற்று வந்தவள் பாத்திமா." 'தான்' என்ற இடைச்சொல்லும் ஏகாரமும் சொல்லொழுங்கும் செய்யும் வேலைக்கு எழுத்தைச் சாய்க்கத் தேவையே இல்லை. ஆங்கிலக் கதையைத் தமிழாக்கும் தோழியர், அங்கே சாய்ந்த சொல்லைக் கண்டால் இங்கேயும் சாய்த்துவிடாமல் ஒரு 'தான்' போடலாமா என்று யோசிக்கலாம்.

வடிவத்திலும் தடை உண்டு. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குத் தனியாக வரைந்த சாய்வெழுத்து இல்லை. பொத்தானை அழுத்தும்போது கணினி எழுத்தை இயந்திரத்தனமாகத் தள்ளிவிடுகிறது. அதனால் 'ண', 'ஞ' ஆகியவற்றின் சுழிகள் நசுங்குகின்றன. மெய்யெழுத்தின் புள்ளி வலப்பக்கம் விலகி அடுத்த எழுத்தின் தலைக்குச் செல்கிறது. 'ப', 'ம' ஆகியவை சரிந்த வேலிபோல் ஆகின்றன. தமிழ் அச்சுக்கு ரோமனும் இட்டாலிக்கும் போன்ற இரட்டை எழுத்து மரபு வாய்க்கவில்லை. தடித்த எழுத்து, மேற்கோள் குறி, எழுத்தின் அளவு, சுற்றிலும் விடும் வெற்றிடம் ஆகியனவே நம் கருவிகள்.

அரபெழுத்தின் நிலை இன்னும் தெளிவு. அது வலமிருந்து இடமாக ஓடுவது. கணினியோ அதையும் வலப்பக்கம் சாய்க்கிறது. முன்னே நடப்பவரைப் பின்னே இழுப்பது போன்றது அது. அரபு மரபில் வேறுபாடு காட்ட வேறு வழிகள் இருந்தன: நூலின் உடல் நஸ்க் எழுத்தில், தலைப்பு துலுத் எழுத்தில்; சில இடங்களில் செம்மை, சில இடங்களில் சொல்லின் மேல் ஒரு கோடு. இரு வேறு கையெழுத்து வகைகளை ஒரே பக்கத்தில் துணையாக இருத்துவதே அங்கும் வழி. ரோமனும் இட்டாலிக்கும் சேர்ந்து செய்ததும் அதுதானே!

இவற்றையெல்லாம் வைத்து எமது குழு இவ்விதழிலிருந்து சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கிறது. திருமறை வசனங்களையும் அரபுச் சொற்களையும் ஒருபோதும் சாய்ப்பதில்லை. அவை நஸ்க் எழுத்தில் நேராகவே வரும். தமிழ்க் கவிதைகளைச் சாய்ப்பதில்லை. சுற்றிலும் தாராளமாக இடம் விடுகிறோம். நூற்பெயர்களுக்கு மேற்கோள் குறி. ஆங்கிலப் பகுதியில் மட்டும் இட்டாலிக் உண்டு, அதுவும் தனியாக வரைந்த இட்டாலிக் உள்ள எழுத்துருவில். வட்டிலப்பமும் துஆவும் அங்கேயும் நேராகவே நிற்கும்.

ஆக்கம் தரும் தோழியரிடம் எமது வேண்டுகோள் இதுதான்: அந்தப் பொத்தானை அழுத்துமுன், அச்சொல்லைச் சாய்ப்பதால் வாசகிக்கு என்ன தெரியப்போகிறது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். விடை இருந்தால் சாயுங்கள். இல்லாவிட்டால் எழுத்து நிமிர்ந்தே நிற்கட்டும்.